பெருக்கமும் தெளிவும்

(கோள்களைப் படமெடுப்பதற்கேற்ற குவியத் தொலைவு குறித்து, வான்நோக்கும் இளைஞர்களின் மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மேடைக்கு வருமுன் உங்கள் செயலாளர் தம்பி என்னிடம் ஒரு செய்தி சொன்னார். நீங்கள் பதினேழு பேர் திங்கள்தோறும் சிறுதொகை சேர்த்து, ஈராண்டு காத்திருந்து, 200 மில்லி மீட்டர் வாய்விட்டமுடைய ஆடித் தொலைநோக்கி ஒன்றை வாங்கியுள்ளீர்கள். ஒளிப்படப் பொறியும் ஒன்று வாங்கியாயிற்று. எஞ்சியுள்ள தொகையில் கோள்களைப் படமெடுக்கத் துணைவில்லை ஒன்று வாங்க வேண்டும். “ஐயா, இரண்டு மடங்கு, இரண்டரை மடங்கு, ஐந்து மடங்கு என்று மூன்று வகை விற்கின்றார்கள். மிகப் பெரிதாகக் காட்டுவது எதுவோ அதையே வாங்கிவிடலாம் அல்லவா?” என்று அவர் கேட்டார்.

வேண்டா என்பதே என் விடை. ஏன் வேண்டா என்பதையும், எது வேண்டும் என்பதையும், அதை எவரையும் கேளாமல் நீங்களே கணக்கிட்டு அறிவது எப்படி என்பதையும் விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் நான் இழந்ததைச் சொல்கின்றேன். நீங்கள் இழவாதிருத்தற் பொருட்டு. 2020-ஆம் ஆண்டு அக்தோபர்த் திங்களில் செவ்வாய்க் கோள் நம் நிலவுலகுக்கு மிக நெருங்கி வந்தது. அன்று அதன் வட்டு ஏறத்தாழ 22 கோண நொடி அகலம் காட்டியது. கோண நொடி என்பது ஒரு பாகையின் 3600-இல் ஒரு பங்கு. என்னிடம் அப்போது இருந்ததும் உங்களிடம் உள்ளதைப் போன்றதே. 200 மில்லி மீட்டர் வாய்விட்டம், 1200 மில்லி மீட்டர் குவியத் தொலைவு. அதில் ஐந்து மடங்கு வில்லையைப் பொருத்திக் குவியத் தொலைவை 6000 மில்லி மீட்டராக்கினேன். மழைமுகில் விலகிய இரவுகள் அத்திங்களில் எனக்கு நான்குதாம் கிடைத்தன. நான்கிலும் அதே வில்லையைக் கொண்டே எடுத்தேன். கணினித் திரையில் கோள் பெரிதாகத்தான் நின்றது. ஆனால் என்ன கண்டேன்? அவித்த கிழங்கின்மேல் காவி பூசினாற் போன்ற ஓர் உருண்டை. அவ்வளவே.

பக்கத்து ஊரில் என் நண்பர் ஒருவர், அதே அளவுள்ள ஆடியைக் கொண்டு, குவியத் தொலைவை 3000 மில்லி மீட்டர் அளவிலேயே நிறுத்திப் படமெடுத்திருந்தார். அவர் படத்தில் கோள் என் படத்திலுள்ளதில் பாதி அளவே இருந்தது. ஆயினும் தென்முனையின் வெண்பனித் தொப்பியும், நடுவே கருநிலங்களின் வளைந்த கரையும் அதில் தெளிவாகத் தெரிந்தன. ஒரே வானம்; ஒரே அளவு ஆடி; ஒரே வகைப் படப்பொறி. வேறுபட்டது குவியத் தொலைவு ஒன்றே.

அந்த இழப்பு ஓரிரவு இழப்பன்று, தோழர்களே! செவ்வாய் ஏறத்தாழ இருபத்தாறு திங்களுக்கொருமுறை நம்மை நெருங்கினும், எல்லா நெருக்கமும் ஒத்தவையல்ல. 2022-இல் அது 17 கோண நொடியளவே வளர்ந்தது. 2025-இல் பதினாலரையோடு நின்றது. 2027-இல் பதினான்கினும் குறைவு. மீண்டும் 22 என்னும் அளவை அது எட்டுவது 2033-இல்தான். ஒரு தவறான வில்லைக்கு நான் கொடுத்த விலை பதின்மூன்று ஆண்டுகள்.

சரி, தவறு எங்கே தொடங்கியது? சொல்லிலே தொடங்கியது என்பேன். கடைகளில் சிறுவர்க்கு விற்கும் தொலைநோக்கிப் பெட்டிகளின்மேல் “அறுநூறு மடங்கு பெருக்கம்” என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். நாமும் ‘மடங்கு’, ‘மடங்கு’ என்றே எண்ணப் பழகிவிட்டோம். ஆனால் படமெடுக்கும்போது கண்ணருகு வில்லையை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் படப்பொறியைப் பொருத்துகின்றோம். அங்கே மடங்கு என்னும் பேச்சுக்கே பொருளில்லை. திரையைப் பெரிதாக்கினால் படமும் பெரிதாகும், அவ்வளவே. அங்கே பொருளுடைய சொல் ‘குவியத் தொலைவு’ ஒன்றுதான். இச்சொல்லை எண்ணிப் பாருங்கள். தொலைவிலிருந்து வரும் ஒளி, ஆடியிலோ வில்லையிலோ பட்டு ஓரிடத்தில் குவிகின்றது. அது குவியும் இடம் குவியம். ஆடிக்கும் குவியத்துக்கும் இடைப்பட்ட தொலைவு குவியத் தொலைவு. சொல்லைப் பிரித்தாலே பொருள் விளங்குகின்றது. இதற்கு மேல் விளக்கம் வேண்டுமோ?

குவியத்தில் விழும் உருவின் அளவை இத்தொலைவே முடிவு செய்கின்றது. கணக்கு எளிது. குவியத் தொலைவை மில்லி மீட்டரில் எழுதுங்கள். கோளின் அகலத்தைக் கோண நொடியில் எழுதிப் பெருக்குங்கள். வந்ததை 206265-ஆல் வகுங்கள். கிடைப்பது உருவின் அகலம், மில்லி மீட்டரில். நிலவின் அகலம் ஏறத்தாழ அரைப் பாகை, அஃதாவது 1800 கோண நொடி. உங்கள் 1200 மில்லி மீட்டர்த் தொலைநோக்கியில் அதன் உரு பத்தரை மில்லி மீட்டர் அகலம் விழும். வியாழன் நெருங்கி நிற்கும்போது 48 கோண நொடி என்று கொள்வோம். அதே தொலைநோக்கியில் அதன் உரு 0.28 மில்லி மீட்டர். ஒரு கடுகின் அளவுகூட இல்லை. ஆகவே குவியத் தொலைவை நீட்டத்தான் வேண்டும். அதை எவரும் மறுக்கவில்லை. எதுவரை நீட்டுவது என்பதே வினா.

நீட்டும் கருவி பார்லோ வில்லை எனப்படும். பீட்டர் பார்லோ என்னும் ஆங்கிலக் கணக்கறிஞர் பெயரால் வழங்குவது. அது ஒரு குழிவில்லை. குவிய வரும் ஒளிக்கதிரை இடைமறித்து, அதன் குவிதலைச் சற்றே தளர்த்தி, இன்னும் தொலைவில் சென்று குவியுமாறு செய்கின்றது. இரண்டரை மடங்கு வில்லை 1200-ஐ 3000 ஆக்கும். ஐந்து மடங்கு வில்லை 6000 ஆக்கும். ஆனால் அது புதிதாக ஒரு துளி ஒளியையும் சேர்ப்பதில்லை. ஆடி திரட்டிய ஒளியைப் பரந்த இடத்தில் பரப்புவதே அதன் வேலை. இதை மறவாதீர்கள்.

இனி முதல் எல்லைக்கு வருவோம். ஒரு தொலைநோக்கி எவ்வளவு நுண்மையைப் பிரித்துக் காட்டும் என்பதைக் குவியத் தொலைவு முடிவு செய்வதில்லை. வாய்விட்டமே முடிவு செய்கின்றது. ஒளி அலையாகச் செல்வதால், வட்டத் திறப்பின் வழியே புகும் ஒளி ஒரு புள்ளியாகக் குவியாமல் சிறு வட்டாகவே குவிகின்றது. இதனை விளிம்பு விளைவு என்று பாடநூல்கள் கூறும். வாய்விட்டம் பெருகப் பெருக அவ்வட்டின் கோண அளவு சிறுக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வில்லியம் டாசு என்னும் ஆங்கில வானோக்கர், இணைவிண்மீன்களைப் பல்லாண்டு நோக்கி ஓர் எளிய அளவை வகுத்தார். 116 என்னும் எண்ணை மில்லி மீட்டரில் உள்ள வாய்விட்டத்தால் வகுத்தால், அக்கருவி பிரித்துக் காட்டும் மிகச் சிறு இடைவெளி கோண நொடியில் கிடைக்கும். உங்கள் 200 மில்லி மீட்டர் ஆடிக்கு அது 0.58. குவியத் தொலைவை ஆறாயிரம் ஆக்கினாலும் அறுபதாயிரம் ஆக்கினாலும் இந்த 0.58 மாறாது.

நீளமே ஆற்றல் என்று மயங்கியவர்கள் நாம் மட்டுமல்லர். பதினேழாம் நூற்றாண்டில் தான்சிகு நகரத்து எவேலியசு 150 அடி நீளத் தொலைநோக்கியைக் கம்பத்தில் கட்டித் தூக்கி வானத்தை நோக்கினார். அவ்வளவு நீளம் ஏன்? அக்கால ஒற்றை வில்லை வண்ணங்களைச் சிதறடித்தது. வளைவு குறைந்த, நெடுங்குவிய வில்லையில் அச்சிதறல் குறைந்து தோன்றியது. அந்த நீளம் குறையொன்றை மறைக்க வந்த நீளமே. 1668-இல் நியூட்டன் ஒரு சாணுக்கும் குறைந்த நீளமுள்ள ஆடித் தொலைநோக்கியைச் செய்து, ஆடி வண்ணங்களைச் சிதறடிப்பதில்லை என்று காட்டினார். அதன்பின் கம்பங்கள் மெல்ல மெல்ல வீழ்ந்தன. கரணியம் நீங்கிய பின்னும் பழக்கம் நீடிப்பது மாந்தர் இயல்பு. நம் ஐந்து மடங்கு வில்லையும் அத்தகைய பழக்கமே. எப்படி என்பதைப் பின்னர்ச் சொல்வேன்.

இரண்டாம் எல்லை படப்பொறியில் உள்ளது. அதன் உள்ளே உள்ள ஒளியுணரி, பல்லாயிரம் சிறு கட்டங்களால் ஆனது. ஒவ்வொரு கட்டமும் ஒரு படப்புள்ளி. இக்காலக் கோள்படப் பொறிகளில் ஒரு புள்ளியின் பக்கம் 2.9 நுண்மீட்டர் என்பது பெரிதும் வழங்கும் அளவு. நுண்மீட்டர் என்பது மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இதனை மீன்பிடி வலையோடு ஒப்பிடுங்கள். கடலில் உள்ள மிகச் சிறிய மீன் விரலளவு என்று கொள்வோம். வலைக்கண் கையகலம் இருந்தால் அம்மீன் நழுவிவிடும். வலைக்கண் விரலினும் சற்றுச் சிறிதாயின் அகப்படும். அதற்கு மேலும் கண்ணைச் சிறிதாக்கிக் கொசுவலை போல் நெய்தால் கூடுதலாக மீன் கிடைக்குமா? கிடைக்காது, கடலில் இல்லாத மீனை எவ்வலையும் பிடிக்காது. வலையின் சுமைதான் கூடும். இழுக்கும் கை ஓயும். இங்கே மீன் என்பது ஆடி பிரித்துத் தரும் நுண்மை. வலைக்கண் என்பது படப்புள்ளி. குவியத் தொலைவை நீட்டுதல் என்பது வலைக்கண்ணைச் சிறிதாக்குதல்.

வலைக்கண் எவ்வளவு சிறிதாக இருத்தல் வேண்டும் என்பதற்கு ஓர் உறுதியான நெறி உண்டு. தந்திச் செய்திகளைப் பற்றி ஆராய்ந்த நைக்குவிசுட்டு என்னும் பொறியாளர் 1928-இல் எழுதிய கட்டுரையின் வழிவந்த நெறி அது. மிக நுண்ணிய ஏற்றவிறக்கம் ஒன்றைத் தவறாமல் பதிய, அதன் அகலத்துக்குள் குறைந்தது இரண்டு அளவீடுகள் அமைய வேண்டும். இதனைத் தொலைநோக்கிக்குப் பொருத்தினால், மிகச் சுருங்கிய ஒரு வாய்பாடு கிடைக்கின்றது.

குவியத் தொலைவை வாய்விட்டத்தால் வகுத்து வருவதைக் குவிய எண் என்போம். உங்கள் கருவிக்கு 1200-ஐ 200-ஆல் வகுத்தால் 6. பச்சை ஒளியின் அலைநீளம் 0.55 நுண்மீட்டர். இரண்டை அதனால் வகுத்தால் ஏறத்தாழ 3.6. படப்புள்ளியின் அளவை இந்த 3.6-ஆல் பெருக்கினால் கிடைப்பதே தேவையான குறைந்த குவிய எண். நீல ஒளியின் அலை இன்னும் குறுகியது. வண்ணப் படப்பொறியிலோ ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒருசில புள்ளிகளே ஒதுக்கப்பட்டுள்ளன. இவற்றையும் கருதி, பட்டறிவுடையோர் ஐந்தால் பெருக்கி மேலெல்லையாகக் கொள்கின்றனர். ஆக, படப்புள்ளியின் நுண்மீட்டர் அளவைப் போல் மூன்றரை மடங்குக்குச் சற்று மேல் தொடங்கி ஐந்து மடங்கு வரை. குவிய எண் இவ்விடைக்குள் அமைதல் வேண்டும். காற்று கலங்கிய இரவில் கீழெல்லையை ஒட்டியும், அமைந்த இரவில் மேலெல்லையை ஒட்டியும் நில்லுங்கள். நெறி இவ்வளவே. இதில் ஆடியின் பருமையும் இல்லை, கோளின் பெயரும் இல்லை என்பதைப் பாருங்கள்.

இனி உங்கள் கணக்கைப் போடுவோம். படப்புள்ளி 2.9. கீழெல்லை பத்தரை, மேலெல்லை பதினாலரை. உங்கள் ஆடியின் குவிய எண் 6. இரண்டு மடங்கு வில்லை 12 தரும். இரண்டரை மடங்கு வில்லை 15 தரும். முன்னது எந்த இரவுக்கும் பொருந்தும்; பின்னது அமைந்த இரவுக்கு எல்லையை ஒட்டி நிற்கும். ஐந்து மடங்கு வில்லையோ 30 தரும். தேவையைப் போல் இரட்டிப்பு. இரண்டரை மடங்கு வில்லையோடு உங்கள் குவியத் தொலைவு 3000 மில்லி மீட்டர். அதில் 48 கோண நொடி வியாழன் 0.70 மில்லி மீட்டர் அகலம் விழும். அஃதாவது ஏறத்தாழ 240 படப்புள்ளிகள். வியாழனின் பட்டைகளையும் செம்புள்ளியையும் காட்ட அது தாராளமாகப் போதும்.

இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கை, தன்னிடம் 80 மில்லி மீட்டர் வில்லைத் தொலைநோக்கி ஒன்று இருப்பதாகவும், அதன் குவியத் தொலைவு 900 மில்லி மீட்டர் என்றும் சொன்னார். 900-ஐ 80-ஆல் வகுத்தால் பதினொன்றேகால். இதே படப்பொறியைப் பொருத்தினால் அது முன்னமே இடைக்குள் நிற்கின்றது! அத்தங்கைக்கு எந்தத் துணைவில்லையும் வேண்டா; ஓர் உருபா செலவும் வேண்டா. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார், கணக்குச் சொல்லும்.

“ஐயா, பழைய நூல்களில் குவிய எண் முப்பது என்றும் அறுபது என்றும் எழுதியிருக்கின்றதே” என்று சிலர் கேட்பர். நல்ல வினா. படச்சுருள் இருந்த காலத்தில், சுருளின் மேற்பூச்சில் இருந்த மணிகள் பருமையானவை. வலைக்கண் பெரிதாயின் உருவையும் பெரிதாக்கியே தீர வேண்டும். ஆதலின் அறுபதும் அதற்கு மேலும் வைத்து, ஒரு நொடியும் இரு நொடியும் ஒளியைத் திறந்து வைத்தார்கள். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கணினியோடு இணைக்கும் சிறு படப்பொறிகள் வந்தபோது, அவற்றின் புள்ளி 5.6 நுண்மீட்டர். நம் வாய்பாட்டின்படி அதற்கு 20 முதல் 28 வரை. இருபத்தைந்து, முப்பது என்று அன்று சொன்னவர்கள் தவறாகச் சொல்லவில்லை. இன்று புள்ளி 2.9 ஆகவும் 2.4 ஆகவும் சுருங்கிய பின்னும் அதே எண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பதே தவறு. கம்பம் வீழ்ந்த பின்னும் கம்பத்தைத் தேடும் பழக்கம் என்று முன்னே நான் சொன்னது இதனைத்தான்.

தேவைக்கு மேல் நீட்டினால் பயன் இல்லை என்பதோடு நின்றால் பொறுத்துக் கொள்ளலாம். கேடும் உண்டு. குவிய எண்ணை இரட்டித்தால் ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவுகின்றது. ஒவ்வொரு புள்ளிக்கும் வருவது காற்பங்கு ஒளியே. ஐந்து மில்லி நொடியில் பதியக்கூடிய படத்துக்கு இருபது மில்லி நொடி வேண்டும். இது சிறிய வேறுபாடன்று. நம் தலைக்கு மேலுள்ள காற்று வெப்பமும் தட்பமும் கலந்து ஓயாமல் அலைகின்றது. ஓடும் நீரின் அடியில் கிடக்கும் காசைப் போலக் கோளின் உரு நெளிகின்றது. அந்நெளிவை வெல்லும் வழி, நெளிவு நிகழுமுன் சட்டெனப் படத்தைப் பதிந்துவிடுதலே. ஆயிரக்கணக்கான படங்களை நிகழ்படமாக எடுத்து, காற்று தற்செயலாக அமைந்த நொடித்துகள்களில் விழுந்த நல்லவற்றை மட்டும் பொறுக்கி, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகின்றோம். அத்தகைய நல்ல படம் எவ்வளவு அரிதாக வாய்க்கும் என்பதை டேவிட் பிரைடு என்னும் அறிஞர் 1978-இலேயே கணக்கிட்டுக் காட்டினார்.

மூன்று மணித்துளி எடுக்கின்றீர்கள் என்று கொள்வோம். ஐந்து மில்லி நொடிப் படமாயின், படப்பொறியின் விரைவு இடங்கொடுத்தால், 36,000 வரை எடுக்கலாம். இருபது மில்லி நொடிப் படமாயின் 9,000-க்கு மேல் இயலாது, அவையும் நெளிந்தவை. கூடவே உரு மங்குவதால் மின்பெருக்கத்தை ஏற்றுவோம். மணல் தூவினாற்போல் இரைச்சல் கூடும். செவ்வாயில் எனக்கு நேர்ந்தது இதுவே.

நீண்ட நேரம் எடுத்து ஈடுசெய்யலாமே என்றால், கோள்கள் காத்திருப்பதில்லை. வியாழன் பத்து மணி நேரத்துக்கும் குறைவாகத் தன்னைத்தான் சுற்றிவிடுகின்றது. அதன் வட்டின் நடுவில் உள்ள ஒரு புள்ளி மணித்துளிக்குக் கால் கோண நொடி நகர்கின்றது. உங்கள் ஆடியின் நுண்மை 0.58. ஆகவே ஏறத்தாழ இரண்டு மணித்துளிக்குள் எடுத்து முடிக்காவிடில் உரு இழுபட்டு மழுங்கும். மென்பொருளால் அச்சுழற்சியைத் திருத்த முடியும். எனினும் தொடக்கநிலையில் உள்ளோர் இந்த எல்லைக்குள் நிற்றலே நன்று. சனி என்று வழங்கும் காரிக்கோளுக்கு ஐந்து மணித்துளியும், செவ்வாய்க்கு அதனினும் மிகுதியும் கிடைக்கும்.

இன்னொன்று: வானத்தைத் தொடர்ந்து சுழலும் மின்னோடி இல்லாதவர்களுக்கு, 3000 மில்லி மீட்டரில் கோள் படப்பொறியின் அகலத்தைக் கடக்க இருபத்தைந்து நொடியளவு ஆகும், 6000-இல் அதில் பாதியே. கோளைத் தேடுவதிலேயே இரவு கழியும்.

நம் மண்ணுக்கு ஒரு பேறு உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும். 2018-இல் காரிக்கோள் தென்வானில் தாழ்ந்து நின்றது. இலண்டனில் அது அடிவானத்திலிருந்து 16 பாகையளவே உயர்ந்தது. அதே கோள் சென்னையில் 54 பாகைக்கு மேல் ஏறிற்று. தாழ்ந்து நிற்கும் கோளின் ஒளி தடித்த காற்றைத் துளைத்து வர வேண்டும். உயர்ந்து நிற்பதன் ஒளிக்குக் கடக்க வேண்டிய காற்றுக் குறைவு. கோள்கள் எல்லாம் உச்சியை அணுகும் நாட்டில் பிறந்திருக்கின்றோம். ஆகவே கோள் உச்சியை நெருங்கும் வரை பொறுத்திருங்கள். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த கற்காரைத் தளத்தின்மேல் கருவியை வைக்காதீர்கள். அதிலிருந்து எழும் வெப்பக்காற்று உருவைக் குலைக்கும். புல்தரையோ மண்தரையோ நன்று. படமெடுக்கத் தொடங்குமுன் ஒரு மணி நேரமேனும் கருவியை வெளியில் வைத்து ஆடியைக் குளிரவிடுங்கள். ஆடிகள் நேராக நிற்கின்றனவா என்றும் பாருங்கள். இவற்றைச் செய்யாதவனுக்கு எந்தக் குவியத் தொலைவும் உதவாது.

வாங்கிய வில்லை இரண்டரை மடங்கு என்று எழுதியிருப்பதாலேயே அது இரண்டரை ஆகிவிடாது. வில்லைக்கும் ஒளியுணரிக்கும் உள்ள இடைவெளி கூடினால் மடங்கும் கூடும். ஆகவே அளந்து பாருங்கள். வியாழனைப் படமெடுத்து அதன் நடுக்கோட்டு அகலத்தை எண்ணுங்கள். 260 புள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம். 2.9-ஆல் பெருக்கினால் 754 நுண்மீட்டர், அஃதாவது 0.754 மில்லி மீட்டர். அதனை 206265-ஆல் பெருக்கி, அன்றிரவு வியாழனின் அகலம் 45 கோண நொடி என்றால் 45-ஆல் வகுங்கள். 3456 மில்லி மீட்டர் கிடைக்கும். உங்கள் வில்லை உண்மையில் 2.88 மடங்கு நீட்டுகின்றது. குவிய எண் 17-ஐத் தாண்டிவிட்டது. இடைக்குழாயைச் சற்றுக் குறைத்தால் சரியாகிவிடும். இந்த ஓர் அளவீட்டைச் செய்தவன் எந்த விற்பனையாளனுக்கும் ஏமாறான்.

பெரிய வானோக்ககங்களும் இந்நெறிக்கு விலக்கல்ல. சவ்வாது மலையிலுள்ள காவலூர் வானோக்ககத்தில், 1986 முதல் இயங்கிவரும் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் அகலமுடையது. ஆடியின் முதற்குவியத்தில் குவிய எண் 3.25, இரண்டாம் ஆடி கொண்டு மடக்கிய குவியத்தில் 13. அஃதாவது ஒரே ஆடிக்கு ஏறத்தாழ ஏழரை மீட்டர், முப்பது மீட்டர் என இரு குவியத் தொலைவுகள். மங்கலான பரந்த வானுக்கு ஒன்று, நுண்ணிய ஆய்வுக்கு ஒன்று என்று செய்யும் வேலைக்கேற்ப அவர்கள் தேர்கின்றார்கள். வேலையும் கருவியும் கேட்பதைக் கொடுக்கின்றார்களே தவிர, இருப்பதில் நீண்டது எது என்று பார்ப்பதில்லை.

இத்தனை கணக்கும் ஓர் அழகிய படத்துக்காகத்தானா என்று பெற்றோர் எவரேனும் எண்ணலாம். 2009-ஆம் ஆண்டு சூலை 19-ஆம் நாள், ஆத்திரேலியாவில் அந்தோணி வெசுலி என்னும் ஆர்வலர், தம் வீட்டில் வைத்திருந்த ஏறத்தாழ 37 செ.மீ. ஆடித் தொலைநோக்கியால் வியாழனைப் படமெடுத்துக் கொண்டிருந்தார். தென்முனையருகே முன்பு இல்லாத கரும்புள்ளி ஒன்றைக் கண்டார். விண்பொருள் ஒன்று வியாழனில் மோதிய வடு அது. அவர் அறிவித்த பின்னரே அவாய்த் தீவிலிருந்த பெருந்தொலைநோக்கி அவ்விடத்தை நோக்கி அதனை உறுதிப்படுத்தியது. அன்றிரவு அவர் கோளை வீணே பெருக்கி மங்கலாக்கியிருந்தால் அப்புள்ளி மங்கலில் கரைந்திருக்கும். தெளிந்த சிறு படம் அறிவியலுக்குச் சான்று. மங்கிய பெரும்படம் சுவருக்கும் உதவாது.

தோழர்களே! நிறைவாக ஒன்று. இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும் ஒரு தாளை எடுங்கள். வாய்விட்டம், குவியத் தொலைவு, படப்புள்ளி ஆகிய மூன்றையும் தமிழிலேயே எழுதுங்கள். வகுங்கள், பெருக்குங்கள். விடை வந்த பின் கடைக்குச் செல்லுங்கள். ‘மடங்கு’ என்னும் மயக்கச் சொல்லை விட்டுக் ‘குவியத் தொலைவு’ என்னும் செப்பமான சொல்லைப் பற்றினால், எண்ணமும் செப்பமாகும். உங்கள் பதினேழு பேரின் ஈராண்டுச் சேமிப்பும் வீணாகாது. 2033-இல் செவ்வாய் மீண்டும் நெருங்கி வரும்போது உங்களிற் பலர் இருபத்தைந்தைத் தாண்டியிருப்பீர்கள். அன்று நீங்கள் எடுக்கப்போகும் படத்தில் நான் இழந்த வெண்பனித் தொப்பியைக் காட்டுவீர்களாயின், இன்றைய என் பேச்சு வீண்போகவில்லை என்று மகிழ்வேன்.